குறிப்பு எழுதும் கட்டம்

போன மாதம் நிவேதா என்ற பெண் போன் செய்தாள். நான் வேலை பார்த்த வானாராய்ச்சி நிலையத்தில் இப்போது கம்ப்யூட்டர் பக்கம் இருக்கிறாளாம். நேரில் பார்த்ததில்லை.

"அம்மா, பல நிலையங்கள்ல இருக்கிற வானப் படங்களை ஒரே மாதிரி கேள்வி கேட்டுத் தேடற முறை இருக்கில்லீங்களா, அதைத் திருத்தி எழுதப் போறோம். அது மொதல்ல ஆரணியிலதான் ஆரம்பிச்சுதுன்னு பழைய கடுதாசியில இருக்கு. உங்க பேரும் இருக்கு. அப்ப எப்படி வேலை செஞ்சீங்கன்னு எழுதிக் குடுங்களேன். எங்க மலர்ல போடறோம்."

"எனக்குப் பேசவே வராதும்மா" என்றேன்.

"பேச வேணாம், எழுதுங்க. நல்லதா நாலு விஷயம்."

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். நாலு பேர் இருக்கிற இடத்தில் நினைப்பது ஒன்று, வாயில் வருவது ஒன்று. ஆனால் நிலையத்தில் இருபது வருஷம் சீட்டு எழுதிய கை. எழுத வரும். நல்ல விஷயம் நாலு என்னிடம் இல்லை. இருப்பதை எழுதுகிறேன். போடுவதும் விடுவதும் அவர்கள் பாடு.

என் ஊர் பெரணமல்லூர் பக்கம். ஒரு குழி நிலம் கிடையாது. கல்யாணமாகி ஆரணிக்கு வந்தேன். வீட்டுக்காரர் அரிசி ஆலையில் மூட்டை தூக்கினார். அந்த ஆலைக்காரர் சேவூர் போகிற வழியில் இருந்த பழைய அரிசிக் குடோனை வானாராய்ச்சி நிலையத்துக்கு வாடகைக்கு விட்டார். நிலையம் மலை மேல் இருந்தது. அங்கே ஈரம். படம் எடுத்த கண்ணாடித் தட்டுகளில் பூஞ்சை பிடித்துவிட்டது. ஆரணி வெயிலுக்குப் பூஞ்சை வராது என்று தட்டுகளை எல்லாம் இங்கே இறக்கினார்கள். நான் அங்கே பெருக்கப் போனேன். பெருக்குகிறவள் தட்டு துடைக்கிறவளானேன். துடைக்கிறவள் தட்டு எடுத்துக் கொடுக்கிறவளானேன். அதற்குப் பத்து வருஷம் ஆனது. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

தட்டு என்றால் ஒரு சாணுக்கு ஒரு சாண் கண்ணாடி. ஒரு பக்கம் மருந்து பூசியிருக்கும். தொலைநோக்கியில் வைத்து வானத்தைப் படம் எடுத்தால் நட்சத்திரம் எல்லாம் கறுப்புப் புள்ளியாக விழும். வானம்தான் வெளுப்பாக இருக்கும். முதலில் பார்த்தபோது எறும்பு மொய்த்த மாதிரி இருந்தது. மங்கலான பக்கம் மருந்துப் பக்கம். அதில் விரல் படக்கூடாது, மூச்சுக் காற்றும் படக்கூடாது. உறையிலிருந்து தட்டை இழுக்கக் கூடாது. தட்டை ஒரு உள்ளங்கையில் ஓரமாக நிறுத்திக்கொண்டு, உறையைத்தான் மெதுவாக மேலே உருவ வேண்டும். படுக்கவைத்து அடுக்கினால் அடியில் இருக்கும் தட்டு விரிசல் விடும். எப்போதும் நிற்கவைக்க வேண்டும். ஒவ்வொரு தட்டின் மூலையிலும் வைர ஊசியால் நம்பர் கீறியிருக்கும்.

வானத்தில் ஒரு இடத்தைச் சொல்ல இரண்டு எண் போதும். ஒன்று குறுக்கு, இன்னொன்று நெடுக்கு. குறுக்கு எண்ணை நாங்கள் மணி, நிமிஷம் என்று எழுதுவோம். கடிகாரம் மாதிரி இருபத்து நாலு மணி. அதனால் குடோனில் இருபத்து நாலு அலமாரி. ஐந்து மணி என்றால் ஐந்தாவது அலமாரி. அதற்குள் வடக்கு வானம் மேல் அடுக்கில், தெற்கு வானம் கீழ் அடுக்கில். வெளியூரில் இருந்து யாருக்காவது படம் வேண்டுமானால் சீட்டு வரும். முதல் கட்டத்தில் குறுக்கு, இரண்டாவதில் நெடுக்கு, மூன்றாவதில் அந்த இடத்தைச் சுற்றி எவ்வளவு அகலம் பார்க்க வேண்டும் என்று எழுதியிருப்பார்கள். நான் பதிவேட்டைப் பார்த்து, கீழே பதில் கட்டத்தில் தட்டு நம்பரும் எடுத்த தேதியும் எழுதுவேன். கடைசியில் ஒரு கட்டம் உண்டு. குறிப்பு.

அந்தக் குறிப்புக் கட்டம் எதற்கு என்று சொல்லிவிட வேண்டும். மலை மேல் படம் எடுப்பவர்கள் ஒரே இடத்தைப் பல நாள் தொடர்ந்து எடுப்பார்கள். பதிவேட்டில் முதல் வரியில் இடத்தை எழுதுவார்கள். அடுத்த வரிகளில் இடத்துக்கு நேராக இரண்டு சின்னக் கோடு. மேற்படி என்று அர்த்தம். குளிரில் விரல் விறைத்தவர்கள் திரும்பத் திரும்ப எண் எழுதுவார்களா? எங்கள் விதிப்படி, பதிவேட்டில் இடம் எழுதியிருக்கும் தட்டைத்தான் பதில் கட்டத்தில் எழுத வேண்டும். கோடு போட்ட தட்டுகளைக் குறிப்பில் எழுதுவேன். 'இதே இடம், இன்னும் ஆறு தட்டு உள்ளது.' இவ்வளவுதான். கேட்டவருக்கு அது போதும்.

கோபிநாதன் சார் எங்களுக்கு மேலே இருந்தவர். படிய வாரிய தலை, காதில் பென்சில். பேப்பரை ஸ்கேல் வைத்துக் கிழித்துத் தேவையான அளவுக்கு மட்டும்தான் எடுப்பார். எதையும் பென்சிலால் எழுதி, பிறகு ரப்பரால் அழிப்பார். எழுதும்போதைவிட அழிக்கும்போதுதான் அவர் முகம் மலரும். "இது இல்லாம நடக்குமா? நடக்கும். அப்ப வேணாம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ரப்பர் தூளை ஊதிவிடுவார். குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. எங்களை எல்லாம் முழுப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்.

நான் சீட்டு பார்க்க வந்த புதிதில் ஒரு நாள் பதிவேட்டில் வடக்கு என்பதற்குத் தெற்கு என்று எழுதியிருந்ததைப் பார்த்து நானே திருத்திவிட்டேன். சார் கூப்பிட்டார். போனேன்.

"தனபாக்கியம், நீங்க திருத்தினது சரிதான். நான் தட்டை எடுத்துப் பார்த்தேன். ஆனா இனிமே திருத்தாதீங்க. எழுதினவர் எழுதினது எழுதினதுதான். நாம நடுவுல புகுந்தா, எது அவர் எழுதினது, எது நாம எழுதினதுன்னு யாருக்கும் தெரியாமப் போயிடும்."

சரியான பேச்சு. இன்றைக்கும் அது சரி என்றுதான் நினைக்கிறேன். அந்தச் சரிதான் பிறகு என் கையைக் கட்டியது.

கம்ப்யூட்டர் வந்தது. ஒவ்வொரு நிலையமும் தன் பட்டியலைக் கம்ப்யூட்டரில் ஏற்றியது, ஒவ்வொன்றும் ஒரு விதமாக. ஒரு இடத்தைத் தேட ஐந்து நிலையத்தை ஐந்து விதமாகக் கேட்க வேண்டியிருந்தது. இதை ஒரே கேள்வியாக்க வேண்டும் என்று சாருக்குப் பெரிய ஆசை. மற்ற நான்கு நிலையத்து ஆட்களையும் ஆரணிக்கு வரவழைத்தார். குடோன் நடுவில் நீள மேஜை போட்டோம். நான் டீ கொண்டுபோனேன். சார் என்னை அங்கேயே நிற்கச் சொன்னார்.

"இவங்க தனபாக்கியம். அஞ்சாவது படிச்சவங்க. இத்தனை வருஷமா சீட்டு பார்த்துத் தட்டு எடுத்துக் குடுக்கறாங்க. இவங்களுக்குப் புரியற கேள்வியா இருந்தா எந்தக் கம்ப்யூட்டருக்கும் புரியும். எவ்வளவு சின்ன நிலையமும் ஒரு வாரத்துல செஞ்சிடும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பெருமையாகவும் இருந்தது, எங்காவது போய் ஒளிந்துகொள்ளலாம் போலவும் இருந்தது.

"எங்க நிலையத்துல குறுக்கு எண்ணை மணியில எழுத மாட்டோம் சார். டிகிரிதான்" என்றார் ஒருவர்.

"அப்ப எல்லாரும் டிகிரி. ஒரு மணின்னா பதினஞ்சு டிகிரி. பதினஞ்சால பெருக்கத் தெரியாதவங்க யாராவது இருக்கீங்களா?"

சிரித்தார்கள். வானத்தின் கோடுகள் வருஷத்துக்குக் கொஞ்சம் நகருமாம். அதனால் எந்த வருஷத்துக் கோட்டை வைத்து எண்ணை எழுதுவது என்று ஒரு சண்டை. அதையும் சார் இரண்டு வார்த்தையில் முடித்தார். தாடி வைத்த ஒருவர் மட்டும் விடவில்லை. எந்தக் கலர் கண்ணாடி, எவ்வளவு நேரம், எவ்வளவு வெளிச்சம், எல்லாம் கேள்வியில் இருக்க வேண்டும் என்றார்.

"தாராளமா சேருங்க. உங்க நிலையம் மட்டும் பதில் சொல்லும். மத்தவங்க எல்லாம் திரும்பிப் பார்க்காம பஸ் ஏறிடுவாங்க" என்றார் சார். தாடிக்காரரும் சிரித்துவிட்டார்.

அப்படி ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே வந்து, கேள்வியில் மூன்று எண் மட்டும் நின்றது. இடத்துக்கு இரண்டு, அகலத்துக்கு ஒன்று. பதிலில் வரிசையாகத் தட்டுகள். பிறகு சாரின் பென்சில் என் சீட்டின் கடைசிக் கட்டத்துக்கு வந்தது.

"குறிப்பு. இதுல ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்ணு எழுதுவாங்க. கம்ப்யூட்டர் அதைப் படிக்காது. படிக்காததை எதுக்கு அனுப்பணும்?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க தனபாக்கியம். குறிப்பு இல்லாம நடக்குமா?"

பத்துப் பன்னிரண்டு பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேற்படி, கோடு, இன்னும் ஆறு தட்டு, எல்லாம் வரிசையாக மனதில் வந்தது. வாயில் வரவில்லை.

நடக்கும் என்று தலையாட்டினேன்.

சார் அழித்தார். ஊதினார். அந்த முறையைத்தான் பிறகு எங்கெங்கோ எடுத்துக்கொண்டார்கள் என்று சொல்வார்கள். எளிமையாக இருந்ததால்தான் எடுத்துக்கொண்டார்கள். சார் சொன்னது அதிலும் தவறில்லை.

அதன் பிறகு எங்கள் பதிவேடுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றினோம். நான் படிப்பேன், ஷகீலா அடிப்பாள். ஷகீலா கோட்டை மைதானத்துக்குப் பின்னால் இருந்தாள். கை ஓடுகிற அதே வேகத்தில் வாயும் ஓடும். நாலாவது பதிவேடோ ஐந்தாவதோ, முதல் கோட்டுக்கு வந்தேன். நிறுத்தினேன்.

"இன்னாக்கா, நின்னுட்டே?"

"மேற்படி போட்டுகிது."

"அப்டின்னா?"

"மேல இருக்கிற எடமேதான் இதுக்கும்."

"அப்ப மேல இருக்கிறதையே அடிக்கட்டா?"

யோசித்தேன். எழுதினவர் எழுதினது எழுதினதுதான், நடுவில் நாம் புகக்கூடாது.

"வேணாம்மா. இருக்கிறதை மட்டும்தான் படிக்கணும்னு சார் சொல்லிகிறாரு."

"மேற்படின்னு அடிச்சா இது கத்துதுக்கா. சும்மா உட்டாலும் கத்துது. நம்பர் குடு, நம்பர் குடுன்னு உசுர வாங்குது. ஒரே பேஜாரு."

சார் அப்போது இந்த முறையைப் பற்றிப் பேச வெளிநாடு போயிருந்தார். அவருடைய உதவியாளருக்குப் போன் போட்டோம். "ரெண்டு எடத்துலயும் சுழி போட்டுட்டுப் போங்க. எல்லாம் முடிஞ்சப்புறம் மேல இருக்கிற நம்பரைக் கீழ எறக்க ஒரு புரோகிராம் எழுதிடறேன், அஞ்சு நிமிஷ வேலை" என்றார். நிஜமாகவே ஐந்து நிமிஷ வேலைதானாம். பிறகு வேறு ஒருவர் சொன்னார்.

"கேட்டியா? ரெண்டு சுழி. ஜல்தியா போயிரலாம். படிக்கா" என்றாள் ஷகீலா.

படித்தேன். மேற்படி, மேற்படி, மேற்படி. அவள் சுழி, சுழி என்று தட்டிக்கொண்டே போனாள். "இன்னாக்கா இது, ஆகாசத்துல ஒரே எடத்துல இம்மாம் கூட்டம் நிக்கிது, ரேஷன் கடை மாதிரி" என்று ஒரு நாள் சிரித்தாள். நானும் சிரித்தேன். பதிவேடுகளில் பாதிக்கு மேல் கோடுதான்.

ஏற்றி முடிவதற்குள் அந்த உதவியாளர் வேறு வேலைக்குப் போய்விட்டார். அவர் இடத்துக்கு வந்தவருக்குக் கோடு பற்றித் தெரியாது. இரண்டு எண்ணும் சுழியாக இருக்கிற தட்டுகளை 'இடம் தெரியாதவை' என்று தனியாகப் பிரித்துவிட்டார். தேடினால் அவை வராது. பதிவேடுகளை எல்லாம் மூட்டை கட்டிச் சென்னைக்கு அனுப்பிவிட்டார்கள். சீட்டு நின்றுபோனது. கம்ப்யூட்டரே பதில் சொல்லியது. நான் பழையபடி துடைக்கிறவளானேன்.

சுகுணா மேடத்தைப் பற்றி எழுத வேண்டும். அதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

மேடம் அந்தக் காலத்தில் மலை மேல் படம் எடுத்தவர். தட்டுப் பெட்டியோடு ஜீப்பில் ஆரணிக்கு அவரே வந்து இறங்குவார். பெட்டியை வேறு ஆள் தூக்கவிட மாட்டார். ஒரு தடவை ஏழு தட்டு கொண்டுவந்தார். ஏழும் ஒரே இடம். ஐந்தாவது அலமாரி, மேல் அடுக்கு. டியூப் லைட் வைத்த மேஜை மேல் ஒவ்வொன்றாக நிறுத்தி என்னைக் கூப்பிட்டார்.

"தனம்மா, இங்க வாங்க. இந்த மூணு புள்ளி தெரியுதா?"

"அடுப்புக் கல்லு மாதிரி இருக்குதுங்களே, அதுங்களா?"

"அதேதான். இப்ப இதைப் பாருங்க." நாலாவது தட்டை வைத்தார்.

இரண்டு கல்தான் இருந்தது. மூன்றாவது இருந்த இடத்தில் ஊசி முனை அளவு ஒரு நிழல். ஐந்திலும் ஆறிலும் அதுவும் இல்லை. ஏழில் மறுபடி லேசாக வந்திருந்தது.

"உங்க கண்ணுக்கும் அது தெரியலையே? எனக்கு மட்டும்தான் தெரியலைன்னு இல்லையே?" என்று இரண்டு முறை கேட்டார்.

"எனக்கும் தெரியலீங்க மேடம்."

என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கை சில்லென்று இருந்தது. அந்த நட்சத்திரத்தை ஏதோ ஒன்று வந்து மறைக்கிறது, எத்தனை வருஷத்துக்கு ஒரு முறை மறைக்கிறது என்று தெரியாது, இன்னொரு முறை மங்கினால் கணக்குப் போட்டுவிடலாம் என்றார். பிறகு அவருக்குக் கல்லூரி வேலை வந்து மலையை விட்டுப் போய்விட்டார். அந்த ஏழு தட்டும் நாலாயிரத்து நூற்று ஏழு முதல் நூற்றுப் பதின்மூன்று வரை. பதிவேட்டில் முதல் தட்டுக்கு நேராக இடம். மீதி ஆறுக்கும் கோடு.

குடோனை இடித்து அரிசி ஆலையைப் பெரிதாக்கப் போவதாக ஆலைக்காரர் சொன்னார். எல்லாத் தட்டையும் வைக்க வேறு இடம் கிடைக்கவில்லை. கம்ப்யூட்டர் தேடிக் கொடுக்கிற தட்டுகள் இருக்கட்டும், 'இடம் தெரியாதவை' எதற்கும் உதவாது என்று மேலே முடிவு செய்தார்கள். கழிக்க வேண்டிய தட்டுகளின் பட்டியல் கையெழுத்தாகி வந்தது. சார் அதைப் பார்த்துவிட்டு, "அந்தக் காலத்துல எவ்வளவு அலட்சியமா இருந்திருக்காங்க பாருங்க, எடத்தைக்கூட எழுதாம" என்று வருத்தப்பட்டார். பட்டியலின் ஒரு நகலை நான் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்தேன். நாலாயிரத்து நூற்று எட்டு முதல் பதின்மூன்று வரை இருந்தது. நூற்று ஏழு இல்லை.

மறுநாள் சார் அறை வாசலில் போய் நின்றேன். கம்ப்யூட்டரில் யாரோ வெளிநாட்டுக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். உள்ளங்கையைக் காட்டினார், இருங்கள் என்று. இருந்தேன். பேச்சு முடியவில்லை. வந்துவிட்டேன். சாயங்காலம் மறுபடி போனேன். இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். திரும்பிவிட்டேன். அடுத்த நாள் தனியாக இருந்தார். நான் வருவதைப் பார்த்துப் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். நன்றாக ஞாபகம் இருக்கிறது, என்னைக் கேட்பதற்காகப் பென்சிலைக் கீழே வைத்தார்.

"சொல்லுங்க தனபாக்கியம்."

அவர் மேஜை மேல் அந்தப் பட்டியல் இருந்தது. இவர் ஊர் ஊராகப் போய்ச் சொன்ன முறை, இவர் என்னைக் கேட்டுத்தான் அழித்த கட்டம், நான் படித்த சுழி, எல்லாம் ஒரே சமயத்தில் முன்னால் வந்து நின்றது. எங்கே ஆரம்பிப்பது?

"டீ வேணுமான்னு கேக்க வந்தேங்க சார்."

"வேணாம்மா" என்று சிரித்தார்.

இதை எத்தனை முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். மேற்படி என்ற ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சார் ஒரு நிமிஷத்தில் புரிந்துகொண்டிருப்பார். கோபித்திருக்கவும் மாட்டார்.

ஏழுமலை வந்தான். பழைய பட்டுப் புடவை வாங்கி, ஜரிகையை எரித்து வெள்ளி எடுக்கிறவன். தட்டில் பூசிய மருந்திலும் வெள்ளி உண்டு. அந்தக் கறுப்புப் புள்ளிகள் எல்லாம் வெள்ளிதான். கொல்லையில் தொட்டி வைத்து, சுடுதண்ணீரில் சோடா கலந்து தட்டுகளை ஊறப்போட்டான். கஞ்சி ஏடு மாதிரி மருந்து கழன்று மிதந்தது.

"இன்னா யக்கா, கொழந்தையத் தூக்கினு வர மாதிரி வரே? போட்டுட்டுப் போ" என்றான்.

ஓரத்தை உள்ளங்கையில் நிறுத்தி, உறையை மேலே உருவி, விரல் படாமல்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். வேறு விதமாகப் பிடிக்க எனக்குத் தெரியாது. அந்த ஆறும் என் கையால்தான் போனது. மீதித் தட்டுகளைக் கட்டி வேறு ஊருக்கு அனுப்ப இன்னும் நாள் இருந்தது.

சில மாதம் கழித்து ஒரு பகல் வேளையில் மேடம் குடோன் வாசலில் வந்து நின்றார். தலை முழுக்க நரைத்திருந்தது. தங்கை பெண்ணுக்குக் கல்யாணம், பட்டுப் புடவை எடுக்க ஆரணி வந்தார்களாம். மற்றவர்கள் கடையில் இருக்க, இவர் மட்டும் ஆட்டோ பிடித்து வந்திருக்கிறார். கையில் புடவைப் பை.

"தனம்மா, என்னைத் தெரியுதா?"

தெரியாமல் என்ன? உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன்.

"அந்த அடுப்புக் கல்லு நட்சத்திரம் இருக்கே, அது இப்ப மறுபடி மங்குதுன்னு ஒரு பொண்ணு எழுதியிருக்கா. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? நான் அன்னைக்கே பார்த்தேன், இத்தனை வருஷம் முன்னாடின்னு உடனே எழுதி அனுப்பினேன். ஆதாரம் எங்கேன்னு கேட்டாங்க. நியாயம்தானே? தேடினேன். அஞ்சு நிலையத்துலயும் கம்ப்யூட்டர் தேடிச்சு. உங்ககிட்டேர்ந்து ஒரே ஒரு தட்டு வந்துது. அதுல மூணு கல்லும் பளிச்சுன்னு இருக்கு."

நான் டம்ளரில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினேன்.

"நான் ஏழு எடுத்ததா நினைச்சுக்கிட்டிருக்கேன். ஒருவேளை வேற எடமோ, வேற நட்சத்திரமோ. வயசாச்சில்ல? அம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. நடக்காதது நடந்ததா சொல்லுவாங்க. எழுதினதைத் திருப்பி வாங்கிட்டேன். மன்னிப்பும் கேட்டுட்டேன்." புடவைப் பையைப் பக்கத்தில் வைத்தார். "தனம்மா, நீங்க பக்கத்துல இருந்தீங்க. நான் உங்களைக் கூப்பிட்டுக் காட்டினேனா, இல்ல அதுவும் நானா நினைச்சுக்கறதா? உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

அவர் கேட்டது தட்டை இல்லை. தன் புத்தி சரியாக இருக்கிறதா என்று கேட்டார். ஆம் என்றால் போதும். ஆனால் ஆம் என்றால் அடுத்த கேள்வி, தட்டு எங்கே என்பது. கொல்லைத் தொட்டி இன்னும் அங்கேயே கவிழ்ந்து கிடந்தது.

"ஞாபகம் இல்லீங்க மேடம்" என்றேன். "ஒண்ணுதாங்க இருக்குது."

கம்ப்யூட்டர் சொன்ன பதிலையே நானும் சொன்னேன்.

"அப்படியா" என்றார். பிறகு என்னைத் தேற்றுகிற மாதிரி, "பரவாயில்ல தனம்மா, உங்களுக்கும் வயசாச்சு" என்று தோளில் தட்டிவிட்டு எழுந்தார். ஆட்டோ கிளம்பிய பிறகு பார்த்தால், தண்ணீர் டம்ளர் பக்கத்தில் புடவைப் பையை வைத்துவிட்டுப் போயிருந்தார். ஓடினேன். ஆட்டோவை நிறுத்தி உள்ளே நீட்டினேன். "பாருங்க, இப்படித்தான் எல்லாத்தையும் மறக்கறேன்" என்றார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். அவர் கண்ணும் என் கண்ணும் ஒரு முழத் தூரத்தில் இருந்தன.

சார் ஓய்வு பெற்று மகனோடு வெளியூர் போனார், அங்கேயே இறந்துபோனார். அவரிடமும் சொல்லவில்லை. நானும் ஓய்வு பெற்றேன். வீட்டுக்காரர் போன பிறகு அவர் போட்டோவுக்குச் சூரியகுளம் பக்கத்துக் கடையில் பிரேம் போட்டேன். ஒரு வெள்ளிக்கிழமை துடைக்கும்போது கண்ணாடி மூலையில் விரலில் ஏதோ நெருடியது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். வைர ஊசிக் கீறல். மூவாயிரத்து எண்ணூற்று அறுபத்திரண்டு. ஏழுமலை கழுவிய கண்ணாடிகள் எல்லாம் அந்தக் கடைக்குத்தான் போயிருக்கின்றன. இது மேடத்தின் தட்டு இல்லை. வேறு யாரோ, வேறு ஏதோ ஒரு குளிரில், வேறு எதையோ பார்த்தது. கண்ணாடி அப்படியே இருக்கிறது. அதில் ஒன்றும் இல்லை. ஊரில் எத்தனை வீட்டுச் சுவரில் அப்படித் தொங்குகிறதோ.

நிவேதாவிடம் அந்தப் பழைய பதிவேடுகள் எங்கே என்று கேட்டேன். "தெரியலீங்கம்மா, ஏற்றினப்புறம் யாரும் பார்க்கலைன்னு நினைக்கிறேன்" என்றாள். சுகுணா மேடம் எப்படி இருக்கிறார் என்றும் கேட்டேன். இருக்கிறாராம், யாரோடும் அதிகம் பேசுவதில்லையாம். நம்பர் கொடுத்தாள். இரண்டு முறை போட்டேன். "ஹலோ, யாருங்க?" என்று அதே குரல். இரண்டு முறையும் வைத்துவிட்டேன்.

சொன்னாலும் என்ன ஆகப்போகிறது? தட்டு திரும்பாது. ஐந்தாவது படித்தவள் கண்ணால் பார்த்தேன் என்றால் யாரும் கணக்கில் எடுக்க மாட்டார்கள். அவருக்கு உதவாத நேரத்தில் சொல்லி என் பாரத்தை இறக்கிக்கொள்கிறேனோ என்றும் இருக்கிறது.

திருத்தப்போகிற முறையில் என்ன வைக்கலாம், என்ன எடுக்கலாம் என்று சொல்ல எனக்குப் படிப்பு இல்லை. எனக்குத் தெரிந்தது சீட்டு. மேடம் அன்றைக்கு வாயால் கேட்டதற்கு இன்றைக்குச் சீட்டு எழுதுகிறேன். பழைய சீட்டில் இருந்த கட்டம் எல்லாம் போட்டு, ஒன்றையும் அழிக்காமல்.

கேட்டவர்: சுகுணா மேடம்.

இடம்: ஐந்தாவது அலமாரி, மேல் அடுக்கு. அடுப்புக் கல் மாதிரி மூன்று.

பதில்: தட்டு 4107.

குறிப்பு: இதே இடம், இன்னும் ஆறு தட்டு. 4108 முதல் 4113 வரை. பச்சை அட்டைப் பதிவேடு, இடத்துக்கு நேராகக் கோடு போட்டிருக்கும். தட்டுகளைக் கழுவிவிட்டோம். நாலாவது தட்டில் இரண்டு கல்தான் இருந்தது. நீங்கள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினீர்கள். நான் பார்த்தேன். எனக்கு ஞாபகம் இருந்தது மேடம், அன்றைக்கும்.